அணைநீரில் வளரும் டிரவுட் மீனும் பூச்சித் தூண்டிலும்

அணைக்கட்டு ஒன்று எழும்பினால் எத்தனை ஏக்கர் நிலம் பாசனம் பெறும், எவ்வளவு மின்சாரம் கிட்டும் என்னும் கணக்கை எல்லோரும் கேட்பர். அணைக்குக் கீழே ஆறு எத்தகைய ஆறாக மாறும் என்று கேட்பவர் சிலரே. ஆற்றின் குணத்தை அறிய நீரின் அளவு ஒன்று மாத்திரம் போதாது. நீரின் உஷ்ணம், அதில் வரும் வண்டல், வெள்ளம் வரும் பருவம் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஆற்றில் எவ்வுயிர் வாழும், எவ்வுயிர் மாயும் என்பதை முடிவு செய்கின்றன. அணை கட்டி முடிந்த நாள்முதல் இம்மூன்றும் மதகின் வசமாகிவிடுகின்றன.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் ஆறு, அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஓடும் கிரீன் நதியாகும். பிளேமிங் கார்ஜ் என்னும் அணைக்குக் கீழே ஏறக்குறைய 30 மைல் தூரத்திற்கு அந்நதி டிரவுட் மீனுக்குப் பெயர்பெற்றது. பூச்சியைப் போலக் கட்டிய தூண்டிலைக்கொண்டு அம்மீனைப் பிடிப்பதற்கென்றே வெகுதூரத்திலிருந்தும் மக்கள் அங்கு வருகின்றனர். அவ்விடத்தில் டிரவுட் செழித்தது மதகினாலேயே; வேறு மீன்கள் தம் இடத்தை இழந்ததும் அதே மதகினாலேயே. இவ்விரண்டையும் சேர்த்து ஆராய்வது, அணைநீரை நம்பிப் பயிரிடுவோர் யாவர்க்கும் பயன்தரும்.

டிரவுட் மீனின் இயல்பு

டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். தெளிந்து ஓடுவதும், காற்றுக் கலப்பு மிகுந்ததும், அடியில் கூழாங்கல் பரந்ததுமான ஓடைகளே அதற்கு ஏற்றவை. நீரின் உஷ்ணம் 55 முதல் 60 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்குமாயின் அது நன்கு இரையெடுத்து வளரும். 75 டிகிரியைத் தாண்டினால் பிழைப்பது அரிது. 40 டிகிரி அளவுக்கு இறங்கினால் உயிருக்குக் கேடில்லை. ஆனால் வளர்ச்சி மிகவும் குன்றிவிடும்.

நம் நாட்டில் நீலகிரி மலையில் உள்ளவர்கள் இம்மீனை அறிவர். 1860-ஆம் ஆண்டுகளில் பிரான்சிஸ் டே என்பவர் அதனை அங்குக் கொண்டுவர முயன்றும் அது நிலைபெறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியால் வானவில் டிரவுட் என்னும் வகை அம்மலையோடைகளில் வேரூன்றியது. அவலாஞ்சியில் முட்டை பொரிக்கும் நிலையமும் அமைந்தது. மலையின் உயரமே அங்கு நீரைக் குளிர்விக்கிறது. கிரீன் நதியிலோ அத்தொழிலைச் செய்வது அணையாகும்.

அணைக்கு முன்னிருந்த ஆறு

கிரீன் நதி வயோமிங் மாகாணத்து விண்ட் ரிவர் மலைத்தொடரில் பிறந்து, சுமார் 730 மைல் ஓடிக் கொலராடோ நதியில் கலக்கிறது. 1869-ஆம் ஆண்டில் ஜான் வெஸ்லி பவல் என்பவர் படகுகளில் இந்நதிவழியே சென்று, செந்நிறப் பாறைகள் நெருப்பெனச் சுடர்விட்ட பள்ளத்தாக்கு ஒன்றுக்கு பிளேமிங் கார்ஜ் எனப் பெயரிட்டார்.

அந்நாளில் இந்நதி குளிர்காலத்தில் உறையுமளவு குளிர்ந்தும், கோடையில் 70 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாகவும் இருக்கும். வசந்த காலத்தின் இறுதியில் மலைப்பனி உருகியதும் செம்மண் கலங்கலோடு பெருவெள்ளம் வரும்; பிறகு நீர் வற்றிச் சிற்றோட்டமாகும். இவ்வேற்றத் தாழ்வுகளுக்குப் பழகிய மீன்களே அங்கு வாழ்ந்தன. அவற்றுள் பைக்மின்னோ என்பது ஆறடி நீளம்வரை வளரக்கூடிய பெருமீன். முட்டையிடுவதற்காக நூற்றுக்கணக்கான மைல் நீந்திச் செல்வது. முதுகில் திமில் உள்ள சப் மீனும், முதுகு கத்திமுனைபோல் எழுந்த சக்கர் மீனும் கலங்கலான வெள்ளத்திற்கென்றே அமைந்தவை போன்ற உடலைப் பெற்றவை.

நஞ்சிட்ட வரலாறு

1956-ஆம் ஆண்டில் மேல் கொலராடோ நதிப் பிரதேசத்தின் நீர்த்தேக்கங்களுக்கான சட்டம் நிறைவேறிற்று. அதன்படி எழுந்த பிளேமிங் கார்ஜ் அணை 502 அடி உயரமுள்ள வளைவான கான்கிரீட் அணையாகும். 1962-ஆம் ஆண்டின் இறுதியில் நீர் தேங்கத் தொடங்கியது. நிறைந்த காலத்தில் நீர்த்தேக்கம் 91 மைல் நீளம் பரவும்.

நீர் தேங்குவதற்கு முன்னர் அதிகாரிகள் ஒரு காரியம் செய்தனர். புதிய நீர்த்தேக்கத்தில் டிரவுட்டை வளர்க்க வேண்டுமாயின் பழைய மீன்கள் இரையில் பங்கு கேட்கும். அவை விலைபோகாத கழிவு மீன்கள் என்பது அக்காலத்து அபிப்பிராயம். ஆதலால் 1962 செப்டம்பரில் கிரீன் நதியிலும் அதன் கிளைகளிலுமாக 400 மைலுக்கு மேற்பட்ட தூரத்தில் ரோட்டெனோன் என்னும் நஞ்சு விடப்பட்டது. டெரிஸ் முதலிய செடிகளின் வேரிலிருந்து எடுக்கப்படும் இப்பொருள் பூச்சிக்கொல்லியாகவும் பயன்பட்டது. நம் குடியானவர்கள் பசுந்தழை உரத்திற்காக விதைக்கும் கொழிஞ்சியிலும் இதனை ஒத்த பொருள்கள் உண்டு. நீரில் உள்ள காற்றை உடல் பயன்படுத்த இயலாமல் செய்து இது மீனைக் கொல்கிறது.

குறித்த எல்லைக்குக் கீழே நஞ்சு பரவாதிருக்க, கிணறுகளில் இடும் பெர்மாங்கனேட் உப்பை ஆற்றிலிட்டு அதனை முறிக்க ஏற்பாடு செய்தனர். அவ்வேற்பாடு முழுப்பலன் தரவில்லை. நஞ்சு எல்லையைக் கடந்து, டைனோசர் தேசியச் சின்னம் எனப் பாதுகாக்கப்பட்ட பிரதேசத்திற்குள்ளும் சென்று மீன்களைக் கொன்றது. ஐந்து ஆண்டுகளுக்குள், அதாவது 1967-இல், பைக்மின்னோவும் திமிலுள்ள சப் மீனும் அழியும் நிலையிலுள்ளவை என்று அந்நாட்டு அரசாங்கமே பட்டியலிட்டது. 1991-இல் கத்திமுதுகுச் சக்கரும் அப்பட்டியலில் சேர்ந்தது. கழிவு என ஒதுக்கியவற்றைப் பெரும்பொருள் செலவிட்டுக் காக்கும் நிலை வந்தது.

நஞ்சினால் நேர்ந்த கேடு ஒரு பருவத்தோடு நின்றது. பின்னர் நேர்ந்த நீண்ட கேடு நீரின் குளிர்ச்சியால் வந்ததாகும்.

மதகின் உயரமும் நீரின் உஷ்ணமும்

ஆழ்ந்த ஏரியில் இறங்கிக் குளிப்பவன், மார்பளவு நீர் வெதுவெதுப்பாகவும் காலடி நீர் குளிர்ந்தும் இருப்பதை உணர்வான். வெதுவெதுப்பான நீர் இலேசானது. ஆதலின் மேலே மிதக்கும். சுமார் 39 டிகிரி உஷ்ணமுள்ள நீரே எல்லாவற்றிலும் கனமானது. அது அடியில் தங்கும். நீர்த்தேக்கம் ஆழமாக ஆக இப்பிரிவு உறுதியாகும். மேல்நீரைக் கோடைவெயில் சுட்டபோதிலும் அடிநீருக்கு அது எட்டுவதில்லை.

பிளேமிங் கார்ஜில் மின்யந்திரங்களுக்கு நீர் செல்லும் குழாய்களின் வாய் ஆழத்தில் அமைக்கப்பட்டிருந்தது. முதல் சில ஆண்டுகளில் தேக்கம் நிறையாததால் வெளிவந்த நீர் மிதமான உஷ்ணத்தோடு இருந்தது. கீழேவிட்ட டிரவுட் குஞ்சுகள் விரைந்து வளர்ந்தன. தேக்கத்தின் நீர்மட்டம் உயர உயர, குழாய் வாய்க்குமேல் நின்ற நீரின் ஆழம் மிகுந்தது. கோடையிலும் ஆற்றில் 40 டிகிரியை ஒட்டிய நீரே ஓடிற்று. பழைய மீன்கள் இனம்பெருக்க இயலாமற் போனதோடு, எந்த மீனுக்காக இத்தனையும் செய்யப்பட்டதோ அந்த டிரவுட்டும் வளராமல் நின்றது.

இதற்குப் பரிகாரம் 1978-ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. குழாய் வாய்களின் முன்பு, ஏற்றவும் இறக்கவும் கூடிய கதவுகளை அமைத்து, வேண்டிய ஆழத்திலிருந்து நீரை எடுக்க வழி செய்தனர். கோடையில் மேல்நீரைக் கலந்து சுமார் 55 டிகிரி உஷ்ணமுள்ள நீரை விட்டவுடன் டிரவுட் மீண்டும் செழித்து வளரத் தொடங்கியது. அணையின் கொள்ளளவும் மழையும் மாறவில்லை. நீர் எடுக்கும் ஆழம் மட்டுமே மாறியது.

நெற்பயிருக்கும் இவ்விஷயம் அந்நியமன்று. கலிபோர்னியா மாகாணத்தில் 1968-இல் முடிந்த ஓரோவில் அணையிலிருந்து குளிர்ந்த நீர் வருவதால், வாய்மடையை அடுத்த வயல்களில் நெல் முதிர்வது தாமதப்பட்டு மகசூல் குறைவதாக அங்குள்ள நெல் விவசாயிகள் முறையிட்டு வந்துள்ளனர். சால்மன் மீனுக்குக் குளிர்நீர் வேண்டும். நெல்லுக்கு வெதுநீர் வேண்டும். ஒரே மதகில் இரண்டு வழக்குகள் சந்திக்கின்றன.

தெளிந்த நீரும் மீனின் இரையும்

அணை வண்டலைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது. ஆகவே அணைக்குக் கீழே கிரீன் நதியின் நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கிறது. பல அடி ஆழத்தில் கிடக்கும் கல்லையும் அதனருகே நிற்கும் மீனையும் கரையிலிருந்தே காணலாம். வெயில் அடிவரை சென்று பாசியை வளர்க்கிறது. பாசியில் கூனி இறாலை ஒத்த சிற்றுயிர்களும், கொசுவைப்போன்று ஆனால் கடியாத நுண்ணிய ஈக்களின் புழுக்களும், மெல்லிறகுப் பூச்சிகளின் குஞ்சுகளும் பெருகுகின்றன. டிரவுட்டிற்கு ஆண்டு முழுவதும் இவையே இரை. மே மாத இறுதியிலும் ஜூன் மாதத்திலும் கரையோர மரங்களிலிருந்து சிள்வண்டுகள் நீரில் விழும்; அக்காலத்தில் பெருமீன்களும் மேல்மட்டத்திற்கு எழுந்துவந்து அவற்றைக் கவ்வும்.

அங்குள்ளவற்றுள் பழுப்பு டிரவுட் இலையுதிர் காலத்தில் கூழாங்கல்லைக் குடைந்து முட்டையிட்டுத் தானே இனம்பெருக்கி வாழ்கிறது. வானவில் டிரவுட்டைப் பொரிப்பகங்களிலிருந்து கொண்டுவந்து விடுவதும் உண்டு. இவ்விரண்டும் அந்நதிக்குப் புதியவை. ஆயினும் ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த மீன், தொட்டியில் தீனியிட்டு வளர்த்த மீனைக்காட்டிலும் எச்சரிக்கை மிகுந்தது. அதனை வஞ்சித்துப் பிடிப்பது எளிதன்று.

பூச்சித் தூண்டில்

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனமே நூலை இழுத்துச் செல்லும். பூச்சித் தூண்டிலிலோ முள்ளின்மீது இறகு, உரோமம், பட்டுநூல் ஆகியவற்றைச் சுற்றிப் பூச்சியின் உருவம் கட்டப்படுகிறது. அதற்குக் கனமே இல்லை. ஆகையால் நூலையே கனமாகச் செய்து, நீண்டு வளையும் கோலினால் அதனைப் பின்னும் முன்னும் வீசி, விரிந்த நூலின் வேகத்தில் பூச்சியைக் கொண்டுபோய் இடுகின்றனர். நூலின் நுனியில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நைலான் இழை முடியப்பட்டிருக்கும்.

டிரவுட் ஓட்டத்தை எதிர்நோக்கி நின்று, நீர் கொண்டுவரும் இரையை எதிர்பார்க்கும். ஆதலால் பிடிப்பவன் மீனுக்குப் பின்புறமாக, கீழிருந்து மேல்நோக்கி நெருங்குவது வழக்கம். பொய்ப்பூச்சி மெய்ப்பூச்சியைப் போலவே ஓட்டத்தின் வேகத்தில் மிதந்து வரவேண்டும். நடுவே விரைவான ஓட்டம் நூலை இழுத்தால் பூச்சி நீரைக் கீறிக்கொண்டு செல்லும்; தெளிந்த நீரில் அதனைக் கண்ட மீன் உடனே விலகிவிடும். இவ்விழுப்பு நேராதபடி நூலை மேலோட்டத்தின் பக்கம் தூக்கி வளைத்துவிடுவதே இவ்வித்தையின் முக்கிய நுட்பம். மேல்மட்டத்தில் மிதக்கவிடும் பூச்சி ஒருவகை. அடியில் கல்லையொட்டி உருளவிடும் குஞ்சு வடிவம் மற்றொரு வகை.

கிரீன் நதியின் இப்பகுதியில் புழுவோ வேறு உயிரிரையோ இட்டு மீன் பிடிக்கச் சட்டம் இடந்தராது. செயற்கைப் பூச்சியும் செயற்கைக் கவர்ச்சித் தூண்டிலும் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. உயிரிரையை மீன் ஆழ விழுங்கிவிடும்; பொய்ப்பூச்சியோ பெரும்பாலும் உதட்டில் தைக்கும். எனவே பிடித்த மீனை, கையை நனைத்துக்கொண்டு முள்ளை நீக்கி, உயிரோடு திரும்ப விடுவது எளிதாகிறது. உலர்ந்த கையால் பற்றினால் உடலின்மேல் உள்ள வழுவழுப்பு நீங்கி நோய் பற்றும். அணையிலிருந்து லிட்டில் ஹோல் என்னும் துறைவரை 7 மைல் தூரம் கரையை ஒட்டி நடைபாதை உண்டு. படகில் மிதந்து செல்வோரும் பலர்.

நீர் விடும் நேரம்

அணையிலிருந்து சாதாரணமாக விநாடிக்கு 800 கன அடிக்குக் குறையாமல் நீர் விடவேண்டும் என்பது ஏற்பாடு. மின்யந்திரங்கள் முழுவேகத்தில் ஓடுமாயின் சுமார் 4,600 கன அடி நீர் வரும். மின்சாரத் தேவை மிகும் வேளையில் நீரை அதிகமாக விடுவதும், தேவை குறைந்ததும் அடக்குவதும் மின்நிலையத்திற்கு அநுகூலம். ஆற்றுக்கு அது அநுகூலமாவதில்லை. நீர் திடீரென உயர்ந்தால் ஆற்றில் இறங்கி நிற்போருக்கு அபாயம். திடீரெனத் தாழ்ந்தால் ஓரத்துக் கூழாங்கல்லில் இட்ட முட்டைகள் உலர்ந்துபோகும். சிறு குட்டைகளில் குஞ்சுகள் சிக்கி மடியும். மொத்தத்தில் அதே அளவு நீர் விட்டாலும், சீராக விடுவதற்கும் ஏற்றி இறக்கி விடுவதற்கும் விளைவில் மிகுந்த வேற்றுமை உண்டு.

பழைய மீன்களுக்கு வழி

அணைக்குக் கீழே சுமார் 65 மைல் தூரத்தில், எக்கோ பார்க் என்னும் இடத்தில், யாம்பா என்னும் ஆறு கிரீன் நதியோடு சேர்கிறது. யாம்பாவின் ஓட்டத்தைப் பேரணை எதுவும் அடக்கவில்லை. அது இன்றும் வசந்தத்தில் கலங்கிப் பெருகி, கோடையில் வெதுவெதுப்பாக ஓடுகிறது. அவ்விரண்டும் கூடும் இடத்திற்குக் கீழேதான் பழைய மீன்களுக்கு உயிர்நிலை எஞ்சியது.

2006-ஆம் ஆண்டில் அணையை நடத்தும் முறை திருத்தப்பட்டது. வசந்தத்தில் ஒரு வெள்ளப்பெருக்கை உண்டாக்குமாறு நீர் விடவும், கோடையில் கூடுமிடத்தில் கிரீன் நதியின் நீர் யாம்பாவின் நீரைக்காட்டிலும் 9 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் குளிர்ந்திராதவாறு பார்க்கவும் இலக்குகள் வகுக்கப்பட்டன. ஆயினும் வெள்ளம் வந்த பிறகே சக்கர் மீனின் குஞ்சுகள் பொரிந்தால், அவை கரையோரத் தாழ்நிலத் தேக்கங்களுக்குள் செல்ல நீர் இராது. ஆகவே 2012 முதல், ஆற்றில் குஞ்சுகள் தென்படுகின்றனவா என்று பார்த்து, தென்பட்ட பிறகு வெள்ளத்தை விடும் முறை சோதிக்கப்பட்டது. காலண்டரைப் பார்த்து மதகு திறப்பதினும் உயிரைப் பார்த்துத் திறப்பது நலம் என்பதற்கு இதுவே சான்று.

டிரவுட் பிடிப்போர் குளிர்ந்த, சீரான நீரை விரும்புவர். பழைய மீன்களுக்கு வெதுவெதுப்பும் வெள்ளமும் வேண்டும். மின்நிலையம் வேளைக்கு வேளை நீரை மாற்ற விரும்பும். கீழ்நாட்டுக் குடியானவரும் நகரத்தாரும் தம் பங்கைக் கேட்பர். 2021-ஆம் ஆண்டில் கடும் வறட்சியால் கீழேயுள்ள பவல் நீர்த்தேக்கம் மிகவும் தாழ்ந்தபோது, அதனைத் தாங்குவதற்காக பிளேமிங் கார்ஜிலிருந்து 1,25,000 ஏக்கர் அடி நீரை மிகையாக விடத் தீர்மானித்தனர். 2022 மே மாதம் தொடங்கிய ஆண்டிற்கு 5,00,000 ஏக்கர் அடி எனத் திட்டமிட்டனர். மேலே தேங்கிய நீர் எவருக்கும் தனியுடைமை அன்று என்பதை அவ்வறட்சி எல்லோருக்கும் உணர்த்திற்று.

அணைநீரை நம்புவோர் கவனிக்க வேண்டியவை

1. புதிய மதகு அமைக்கும்போதும் பழையதைத் திருத்தும்போதும், நீர் எந்த ஆழத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை விசாரித்து அறிதல் வேண்டும். கட்டிய பின் மாற்றுவது பெருஞ்செலவாகும்.

2. வாய்க்காலின் தலைப்பிலும் கடைமடையிலும் ஒரே நாளில், ஒரே வேளையில் உஷ்ணமானியால் நீரை அளந்து குறித்துவைத்தல் நலம். சில ஆண்டுக் குறிப்பு ஒன்றிருந்தால் பயிர்க்குறைவின் காரணத்தைக் காண்பது எளிது.

3. நீர் மிகக் குளிர்ந்து வருமாயின், வயலுக்குள் நேரே பாய்ச்சாமல் அகன்று ஆழமற்ற வாய்க்காலிலோ சிறு தேக்கத்திலோ வெயில்படச் செய்து பாய்ச்சுதல் வேண்டும்.

4. நீர் ஏறும் வேளையையும் இறங்கும் வேளையையும் அறிந்து, ஆற்றில் இறங்குவோருக்கும் கால்நடை ஓட்டுவோருக்கும் கிராம உத்தியோகஸ்தர்கள் முன்கூட்டி அறிவித்தல் அவசியம்.

5. மீன்பிடிப்பதற்காக மடுவிலும் ஓடையிலும் நஞ்சு கலப்பதை எவ்விதத்திலும் அனுமதித்தலாகாது. நஞ்சு எல்லை அறியாது. வல்லுநர் பலர் கூடிச் செய்த காரியத்திலும் அது கைகடந்து சென்றது.

6. வேற்றிடத்து மீனைப் புதிதாக விடுமுன், அங்கு ஏற்கெனவே உள்ள மீன்கள் எவை, அவை எப்போது முட்டையிடும் என்பதை ஊரிலுள்ள மீனவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். பயனற்றது என இன்று எண்ணப்படும் இனத்தை ஒருமுறை இழந்தால், பின்னர் எத்தனை பொருள் செலவிட்டாலும் முன்போல் மீட்பது எளிதன்று.